பழைய கம்ப்யூட்டரை எடைக்கு போடாதீங்க! இருக்கவே இருக்கு இலவச லினக்ஸ்

சென்னை:

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு நின்று விட்டது. விண்டோஸ் 11 பல பழைய கம்ப்யூட்டர்களில் ஏறாது. ‘புதுசு வாங்க காசுக்கு எங்கே போறது?’ என்று பல வீடுகளில் கையை பிசைகிறார்கள்.

இவர்களுக்கு கைகொடுப்பது இலவச லினக்ஸ். இது நமக்கு புதுசு அல்ல. அரசு கொடுத்த இலவச லேப்டாப்கள் பலவற்றில் விண்டோசுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்சும் இருந்தது.

லினக்சில் பல ரகம் உண்டு. முதன்முதலாக தொடுபவர்களுக்கு ‘லினக்ஸ் மிண்ட்’ சுலபம். விண்டோஸ் போலவே மெனு இடது மூலையில் இருக்கும். 4 ஜி.பி. ராம் இருந்தால் நன்றாக ஓடும். லெட்டர் அடிக்க லிப்ரே ஆபீஸ், இன்டர்நெட்டுக்கு பயர்பாக்ஸ் கூடவே வரும்.

முதலில் 8 ஜி.பி. பென்டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். வைபை, சவுண்டு, பிரிண்டர் வேலை செய்தால் மட்டும் இன்ஸ்டால் செய்யலாம்.

உஷார்! ‘இரேஸ் டிஸ்க்’ கொடுத்தால் கல்யாண போட்டோ உள்பட எல்லாமே போய்விடும். முன்கூட்டியே வேறு இடத்தில் காப்பி எடுப்பது அவசியம். டாலியில் கணக்கு எழுதுபவர்கள் அவசரப்பட வேண்டாம். அது லினக்சில் நேரடியாக ஓடாது.