மலைச் சரிவில் மிதிவண்டி

நம் நாட்டில் மிதிவண்டி அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் கடைவீதிக்கும் செல்வோரின் ஊர்தியாகவே பெரிதும் விளங்கி வந்துள்ளது. அதே மிதிவண்டியைக் கல்லும் வேரும் நிறைந்த மலைச் சரிவுகளில் செலுத்துவது இன்று உலகெங்கும் ஒரு விளையாட்டாக வளர்ந்திருக்கிறது. தில்லி, சண்டீகர், புணே, பெங்களூர் முதலிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும், தடித்த டயர் பூட்டிய வண்டியுடன் விடுமுறை நாட்களில் குன்றுகளை நாடுவதுண்டு. வண்டியின் விலை உயர உயர ஆபத்து குறையும் என்றே பெற்றோரில் பலர் எண்ணுகிறோம். கருவி செய்வது எவ்வளவு, பாதை செய்வது எவ்வளவு, பயிற்சி செய்வது எவ்வளவு என்பதை ஆராய்ந்து பார்த்தால் இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது விளங்கும்.

இவ்விளையாட்டு இன்றைய வடிவில் உருப்பெற்ற இடங்களுள் தலையாயது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கேயுள்ள மாரின் வட்டாரமாகும். அங்கே 1970களில் சில இளைஞர்கள், பல்லாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கனத்த பழைய சைக்கிள்களைச் சீர்செய்து, மலைமீது கொண்டு சென்று மண்பாதை வழியே கீழ்நோக்கி ஓட்டினர். 1976 அக்டோபர் 21ஆம் நாள், கடிகாரம் வைத்து முதல் பந்தயத்தையும் நடத்தினர். ஏறத்தாழ 2 மைல் தொலைவில் 1,300 அடி இறங்கும் பாதை அது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பின்சக்கர பிரேக்கு அவ்வண்டிகளில் இருந்தது. ஒருமுறை கீழே வந்து சேர்வதற்குள் அதன் சூட்டில் கிரீஸ் புகைந்து போகும். புதிதாக அடைத்த பின்னரே அடுத்த ஓட்டம். மீண்டும் அடைத்தல் என்னும் பொருளில் அப்பாதைக்கு ‘ரீபேக்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பழைய வண்டியின் குறைகளைத் தீர்க்கும் முயற்சியிலிருந்து புதிய வண்டி பிறந்தது. ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் இதற்கென்றே பிரேம் செய்யத் தொடங்கினார். 1979இல் கேரி பிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி செய்த பிரேம்களைக் கொண்டு இத்தகைய வண்டிகளை விற்கலாயினர். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ பெருந்தொகையில் கடைகளுக்கு வந்தது. 1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் உலகப் போட்டியும், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இதற்கென ஒரு பந்தயமும் நடைபெற்றன.

இன்றைய மலைவண்டியைச் சாதாரண வண்டியினின்று பிரித்துக் காட்டுவன நான்கு உறுப்புகள். முதலாவது பிரேக்கு. சக்கரத்தின் நடுவே பொருத்திய வட்டத் தகட்டை, எண்ணெயின் அழுத்தத்தால் இறுகப் பிடிக்கும் அமைப்பு இது. ஒரு விரலால் அழுத்தினாலே போதும். சேற்றிலும் மழையிலும் வலுவிழப்பது குறைவு. இரண்டாவது டயர். சாலை வண்டியில் காற்றை இறுக நிரப்புகிறோம். மலைவண்டியிலோ சதுர அங்குலத்திற்கு 20 முதல் 30 பவுண்டு அழுத்தமே வைப்பது வழக்கம். டயர் சற்றே தொய்ந்து கற்களைத் தழுவிக்கொள்வதால் பிடிப்பு மிகுகிறது. மூன்றாவது, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையிலும், சில வண்டிகளில் பின்சக்கரத்திற்கும் அமைந்த அதிர்வு தாங்கி. நெடுந்தூரப் பந்தய வண்டியில் இது 100 முதல் 120 மில்லிமீட்டர் வரையிலும், செங்குத்தான இறக்கத்திற்குரிய வண்டியில் 200 மில்லிமீட்டர் அளவிலும் அமுங்கி எழும். நான்காவது, தாழ்ந்து உயரும் இருக்கை. கைப்பிடியிலுள்ள நெம்புகோலை அழுத்தினால் இருக்கை கீழிறங்கி, இறக்கத்தில் உடலைத் தாழ்த்த இடம் தரும். பார்வைக்கு எளிய இவ்வமைப்பு ஓட்டுபவருக்கு அளிக்கும் துணை பெரிது.

விளையாட்டு பெருகவே சச்சரவும் பெருகிற்று. நடந்து செல்வோரும் குதிரையில் செல்வோரும் உலவிய பாதைகளில் சைக்கிள்கள் விரைந்து வந்தமையால், 1980களில் கலிபோர்னியாவில் பல பாதைகள் சைக்கிள்களுக்கு மூடப்பட்டன. 1988இல் தோன்றிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம், பிறர்க்கு இடையூறின்றி ஓட்டும் முறையையும் பாதை அமைக்கும் கலையையும் பரப்ப முற்பட்டது. வேல்ஸ் நாட்டின் கோயிட் ஏ பிரெனின் காட்டில் 1990களில் இவ்விளையாட்டிற்கென்றே பாதைகள் வெட்டப்பட்டன. கனடாவின் விஸ்லர் மலையில், பனிக்காலத்தில் சறுக்கு விளையாடுவோரை மேலேற்றும் கம்பிவட நாற்காலிகள், கோடையில் சைக்கிளையும் ஓட்டுபவரையும் சுமந்து செல்கின்றன.

இப்பாதைகளின் முதற்பகை மழைநீர். பாதையே வாய்க்காலாகிவிட்டால் மண் அரித்துப் பள்ளம் விழும். ஆதலால், பாதையின் சரிவு அது செல்லும் மலைப்பக்கத்தின் சரிவில் பாதியை மிஞ்சலாகாது என்பது அமைப்போர் கொள்ளும் விதி. மலைப்பக்கம் 100 அடிக்கு 30 அடி சரிந்தால், பாதை 15 அடிக்கு மேல் சரியலாகாது. பாதை முழுவதற்கும் சராசரியாக 100 அடிக்கு 10 அடி என்பது நல்ல அளவு. இறக்கத்தின் இடையிடையே சிறு ஏற்றங்களை வைப்பர். அவ்விடத்தில் நீர் பக்கவாட்டில் வெளியேறும். வண்டியின் வேகமும் தானே தணியும். வளைவுகளின் வெளிப்புறத்தைக் கரைபோல் உயர்த்துவதால் சக்கரம் வழுக்காமல் திரும்பும்.

பாதைகளைத் திறமைக்கேற்பத் தரம் பிரிப்பதும் உண்டு. பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்ற வரிசையில் கடுமை ஏறும். வட அமெரிக்காவில் பச்சை வட்டமும் நீலச் சதுரமும் கறுப்பு வைரமும் அடையாளங்கள். தாவும் இடங்களிலும் இப்படியே படிகள் உண்டு. தொடங்குவோர்க்கு மேட்டின் நடுப்பகுதியை மண்ணிட்டு மேசைபோல் சமப்படுத்தி வைப்பர். தாவத் தெரிந்தவர் அதைக் கடந்து மறுபுறம் இறங்குவார். தெரியாதவர் மேலேறி உருண்டு செல்லலாம். நடுவே வெறும் பள்ளமாக விட்ட மேடுகள் கைதேர்ந்தோர்க்கே உரியவை. நன்கு அமைத்த பாதை படிப்படியாகக் கற்பிக்கும் பாடநூலை ஒக்கும். முதற்பாடம் படியாதவன் கையில் கடைசிப் பாடத்தைக் கொடுத்தால் நேரும் கேடே, தரமறியாமல் கறுப்புப் பாதையில் இறங்குவோர்க்கும் நேரும்.

பயிற்சியாளர் தம் மாணவரை முதலில் மலைக்கு அழைத்துச் செல்வதில்லை, சமதரையிலேயே தொடங்குகிறார். முதற்பாடம் நிற்கும் நிலை. இரு பெடல்களையும் மட்டமாக நிறுத்தி, அவற்றின் மேல் எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் சற்றே மடக்கி நிற்க வேண்டும். உடலின் பாரம் கைகளில் சுமராமல் பாதங்களில் தங்க வேண்டும். அப்போது வண்டி அடியில் குதித்தாலும் உடல் நிலைகுலையாது. இரண்டாம் பாடம் பிரேக்கு. வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. அதை அஞ்சி விலக்குவோர் பின்சக்கரத்தை மட்டும் பிடித்துச் சறுக்கி விழுவர். வெடுக்கெனப் பிடிப்போர் தலைகுப்புற வீழ்வர். இரண்டையும் சிறுகச் சிறுக இறுக்கி, உடலைத் தாழ்த்திக்கொள்ளப் பழக வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மூன்றாம் பாடம் பார்வை. சக்கரத்தின் முன்னுள்ள கல்லையே நோக்கினால் வண்டி அக்கல்லையே நாடிச் செல்லும். வளைவின் முடிவை நோக்கினால் உடலும் வண்டியும் அத்திசையில் திரும்பும்.

இம்மூன்றும் கைவந்த பின்னரே பச்சைப் பாதை. கடினமான இடம் எதிர்ப்பட்டால் இறங்கி நடந்து பார்த்து, பின்னர் மெல்ல ஓட்டி, அதன் பின்னரே இயல்பான வேகத்தில் செல்ல வேண்டும். அஞ்சி நிற்கும் மாணவரை நல்ல பயிற்சியாளர் கேலி செய்யார். அச்சத்தின் காரணத்தைக் கேட்டறிந்து, ஒரு படி கீழேயுள்ள பாடத்திற்கு அழைத்துச் செல்வார்.

நம் நாட்டில் 2005இல் தொடங்கிய ‘எம்.டி.பி. ஹிமாலயா’ என்னும் பல நாள் போட்டி, இமாசலப் பிரதேசத்தின் மலைவழிகளை இவ்விளையாட்டு உலகிற்கு அறிமுகப்படுத்தியது. ஆயினும் நம் மலைவழிகளுள் பெரும்பாலானவை விளையாட்டுக்கென வெட்டப்பட்டவை அல்ல. விறகு சுமப்போரும் ஆடு மேய்ப்போரும் பள்ளிச் சிறாரும் நடக்கும் வழிகள் அவை. பச்சையென்றும் கறுப்பென்றும் அங்கே பலகை இராது. வளைவுக்கு அப்பால் யார் வருகிறார் என்பதும் தெரியாது. ஆதலால் வேகத்தை அடக்கி, மணியடித்து, நடப்போர்க்கு வழிவிட்டு நிற்பது ஓட்டுபவரின் கடமை. கால்நடை எதிர்ப்பட்டால் இறங்கி விடுவதே முறை. காட்டுப் பகுதியாயின் வனத்துறையின் அனுமதியைக் கேட்டறிதல் வேண்டும்.

பிள்ளை இத்தகைய வண்டி வேண்டுமென்று கேட்டால் பெற்றோர் கருத வேண்டுவன சில. மலைவண்டி என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும் வண்டிகளிற் பல தோற்றத்தால் மட்டும் அப்பெயர் பெற்றவை. கரடுமுரடான இறக்கத்தைத் தாங்கா. எதற்காகச் செய்யப்பட்டதென்று கடைக்காரரைக் கேட்டு, உடன்வரும் குறிப்பேட்டையும் படித்தறிய வேண்டும். வண்டியின் அளவு பிள்ளையின் உயரத்திற்குப் பொருந்த வேண்டும். நாளைக்கும் உதவுமென்று பெரிய வண்டி வாங்கித் தருவது ஆபத்தை வாங்கித் தருவதாகும். தலைக்கவசம் நெற்றியை மறைத்து, அசையாமல் பொருந்தியிருக்க வேண்டும். பலத்த அடி ஒன்றைத் தாங்கிய கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிடினும், மாற்றிவிட வேண்டும். அதன் உட்பகுதி நசுங்குவதாலேயே தலை காப்பாற்றப்படுகிறது, நசுங்கியது மறுமுறை உதவாது. கையுறையும் முழங்கால் காப்பும் இவற்றோடு சேரட்டும்.

வண்டிக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கைப் பயிற்சிக்கென வைத்துக்கொள்வது அறிவுடைமை. பயிற்சியாளர் கிட்டாத ஊரிலும், வெறும் மைதானத்தில் நிற்கும் நிலையையும் பிரேக்கையும் பார்வையையும் சில வாரங்கள் பழக்கிய பின் குன்றுக்கு அனுப்பலாம். அப்பழக்கம் இல்லாத கையில் உயர்ந்த வண்டி மேலும் விரைந்து விழவே உதவும். பழகிய கையில் எளிய வண்டியும் பிள்ளையைப் பத்திரமாக வீடு சேர்க்கும்.