ஒரு முழம் ஏறும் சுவர்

கே.கே. நகரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பத்தடிக்குப் பத்தடியில் ஒரு மண் அறை இருக்கிறது. சித்திரை மத்தியானத்தில் மொட்டைமாடி காய்ந்து வீட்டுக்குள் அனலடிக்கும்போது, குடும்பமே அங்கேதான் பாய் விரிக்கிறது. ஒன்றரை அடி கனச் சுவர் பகல் வெயிலை உள்ளே விடுவதில்லை.

மண் வீட்டுக்கு முதல் வேலை, மண்ணை அறிவது. கண்ணாடி பாட்டிலில் பாதி மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலேயும் படியும். களி கூடினால் சுவர் வெடிக்கும், குறைந்தால் உதிரும். எங்கள் மண்ணில் களி அதிகம், மணல் கலந்தோம். பிறகு உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தோம். சிதறவும் இல்லை, அடையாகத் தட்டையாகவும் இல்லை. அதுதான் பதம்.

மண்வெட்டி, கடப்பாரை, இரும்புச் சட்டி, தூக்குக்குண்டு. இவை போதும், மீதி வேலை கால்களுக்கு. இரண்டு நாள் புளித்த மண்ணில் வைக்கோல் தூவி மிதித்தோம். மண் காய்ந்து சுருங்கும்போது வெடிக்காமல் பிடித்துக்கொள்வது அந்த வைக்கோல்தான்.

லால்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சுவர் வைத்தார். அவர் வராத ஒரு நாள், ஆசையில் நானே இரண்டு படை ஏற்றிவிட்டேன். மறுநாள் கீழ்ப்படை வயிறு தள்ளி நின்றது. "அடி இறுகாம மேல ஏத்தலாமா தம்பி? மண்ணு காயிற வேகத்துக்குத்தான் நாம போகணும்" என்றபடி துருத்திய இடத்தைச் செதுக்கி எடுத்தார். அதன்பின் ஒரு தடவைக்கு ஒரு முழம்தான்.

"மழைக்குக் கரையாதா?" என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள். தரையிலிருந்து 2 அடிக்குக் கருங்கல் கடைக்கால், மேலே சுவரைத் தாண்டி நீளும் இறவாரம், வெளியே சுண்ணாம்புப் பூச்சு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மண் நிற்கும். ஏமன் நாட்டு ஷிபாமில் 16-ஆம் நூற்றாண்டு தொட்டுப் பச்சை மண்கல்லில் எழுந்த அடுக்குமாடி வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். நம் ஆரோவில்லில் 1989-இல் தொடங்கிய மண் கட்டுமான நிறுவனம், சூளையில் சுடாத அழுத்த மண்கற்களால் கட்டச் சொல்லித் தருகிறது.

மண் வீடு ஏழ்மையின் அடையாளம் என்று ஊரில் அப்பா கட்டிய வீட்டை இடித்தவர்கள் நாங்கள். போன ஐப்பசி மழையில் இந்த அறையின் வடக்குச் சுவரில் பூச்சு கொஞ்சம் உரிந்தது. என் மகள் ஒரு கை மண்ணைக் குழைத்து அப்பி, உள்ளங்கையால் தடவிவிட்டாள். அவள் விரல் தடம் இன்னும் அங்கே இருக்கிறது.