பாலிப்பை வெட்டியாயிற்று, புற்றுநோய் போய்விட்டதா?

தேக்கா சந்தையில் வாங்கிய கத்தரிக்காயை நறுக்கும்போது சொத்தை தெரிந்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? சொத்தையை வெட்டி எறிவார்கள். வெட்டிய இடம் வெள்ளையாக இருந்தால் மீதி குழம்புக்குப் போகும். பழுப்புக் கோடு உள்ளே ஓடினால் இன்னும் ஆழமாக வெட்டுவார்கள். பெருங்குடலில் புற்றுநோய் கண்ட பாலிப்பை அகற்றும் மருத்துவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் முடிவெடுக்கிறார்கள்.

பாலிப் என்பது குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி. சில, காளான்போலக் காம்புடன் நிற்கும். சில, தட்டையாகப் படரும். பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை. அடினோமா போன்ற சில வகைகள் பல ஆண்டுகளில் மெதுவாக மாறக்கூடும்.

ஆசனவாய் வழியாக, கேமரா பொருத்திய வளையும் குழாயைச் செலுத்திக் குடலைப் பார்ப்பதே கொலோனோஸ்கோப்பி. 1969ல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற மருத்துவர்கள் அந்தக் குழாய் வழியே சுருக்குக் கம்பியை அனுப்பி, பாலிப்பின் அடியில் மாட்டி, மின்சாரத்தால் வெட்டி எடுத்தனர். வயிற்றைத் திறக்கத் தேவையே இல்லை!

ஆனால், வெட்டிய பாலிப்பில் புற்றுநோய் இருந்தால்? குடல்சுவரின் அடுக்குகளை நினைத்துப் பாருங்கள். உள்பக்கம் இருப்பது சளிப்படலம். நோய் அதற்குள் மட்டும் இருந்தால் அது பரவும் வாய்ப்பு அநேகமாக இல்லை. அதற்கடுத்த அடுக்கில் ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. அங்கு இறங்கிய புற்றுநோய் உயிரணுக்களுக்கு வெளியேறும் வழி கிடைத்துவிடுகிறது.

எனவே, நோய்க்கூறு மருத்துவர் நுண்ணோக்கியில் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுகிறார்:

1. வெட்டிய விளிம்பில் புற்றுநோய் உயிரணுக்கள் உள்ளனவா?
2. நோய் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது? தட்டையான பாலிப்பில் ஒரு மில்லிமீட்டரே முக்கிய எல்லை. உங்கள் ஈஸிலிங்க் அட்டையின் தடிமனைவிட அது சற்றே அதிகம்!
3. ரத்தக் குழாய், நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்துள்ளதா?
4. உயிரணுக்கள் இயல்பான வடிவத்தை அறவே இழந்துவிட்டனவா?

நான்கிலும் நல்ல பதில் கிடைத்தால், பாலிப்பை அகற்றியதே போதுமான சிகிச்சை. நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவியிருக்கும் அபாயம் மிகக் குறைவு. பிறகு குறித்த காலத்தில் மீண்டும் கொலோனோஸ்கோப்பி செய்து கண்காணிப்பார்கள்.

ஏதேனும் ஒன்று சரியில்லை என்றால், குடலின் அந்தப் பகுதியையும் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் அறுவை சிகிச்சையால் நீக்கப் பரிந்துரைப்பார்கள். இரண்டாவது அடுக்குவரை மட்டும் இறங்கிய புற்றுநோய்களில், சுமார் பத்தில் ஒன்று நிணநீர் முடிச்சுகளைத் தொட்டிருக்கும். மீதி ஒன்பது பேருக்குப் பெரிய அறுவை சிகிச்சை தேவையில்லாமல் போகலாம். யார் அந்த ஒருவர் என்று கணிக்கவே இவ்வளவு கேள்விகள். நோயாளியின் வயதையும் உடல்நிலையையும் எடைபோட்ட பிறகே முடிவு எடுக்கப்படுகிறது.

இவ்வளவு சிறிய சிகிச்சையுடன் தப்பிக்க, நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும். சிங்கப்பூரில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. தொடக்கத்தில் வலியோ வேறு அறிகுறியோ இல்லாமல் இருக்கலாம். 50 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் எஃப்ஐடி சோதனைப் பெட்டியை இலவசமாக வழங்குகிறது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று அது காட்டும். ரத்தம் இருந்தாலே புற்றுநோய் என்று பொருளல்ல. அடுத்து கொலோனோஸ்கோப்பி தேவை என்றுதான் பொருள்.

மலத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு உங்கள் தாத்தாவும் பாட்டியும் சோதனையைத் தள்ளிப்போடலாம். இந்த வார இறுதியில் அவர்களிடம் கேளுங்கள்: “இந்த வருடம் எஃப்ஐடி செய்துவிட்டீர்களா?”