200 மணி நேரம் பறந்தால் பைலட் வேலையா? வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன் ஒரு கணக்கு!

2024 அக்டோபர் 11. ஆயுத பூஜை நாள். பொரியும் சுண்டலுமாக இருந்த திருச்சி, அன்று மாலை திடீரென வானத்தை அண்ணாந்து பார்த்தது. ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 141 பேர். எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்த விமானம், இரவு எட்டேகால் மணி வாக்கில் பத்திரமாகத் தரையிறங்கியது. ஊரே கைதட்டியது.

அந்த விமானத்தின் துணை விமானி ஒரு பெண். அதைப் பார்த்து, 'நானும் பைலட் ஆகணும்' என்று எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பார்களோ! திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ ஒரு நடுத்தரக் குடும்பத்தில் இந்தக் கேள்வி வந்தால், அடுத்து அப்பா கேட்பது, 'எவ்வளவு செலவாகும்?' என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. 'எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும், அதை எத்தனை மாதத்தில் முடிக்கலாம்?'

மணி எப்போது ஓட ஆரம்பிக்கும்?

பைலட்டின் சொத்து அவருடைய லாக் புக். ஒவ்வொரு பறத்தலும் தேதி, விமானம், நேரத்தோடு அதில் ஏறும். புறப்படுவதற்காக விமானம் தன் சொந்த இன்ஜின் பலத்தில் நகரத் தொடங்கும் நொடியில் கணக்கு ஆரம்பித்து, இறங்கி வந்து முழுதாக நிற்கும்போது முடியும். வகுப்பில் உட்கார்ந்த நேரமோ, வானிலை சரியில்லாமல் காத்துக்கிடந்த நாள்களோ இதில் சேராது.

200-க்குள் என்ன இருக்கிறது?

இந்தியாவில் 'கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்' வாங்க டி.ஜி.சி.ஏ கேட்பது குறைந்தது 200 மணி நேரம். வயது 18 ஆகியிருக்க வேண்டும். ஆனால், எப்படியோ 200-ஐ நிரப்பினால் போதாது. உள்ளே தனித்தனிக் கணக்கு உண்டு.

* 100 மணி நேரம், விமானத்துக்கு முழுப் பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும்.
* அப்படிப் பொறுப்பேற்று ஓட்டியதில் 50 மணி நேரம் ஊர் விட்டு ஊர் போன பயணமாக இருக்க வேண்டும். அதில் ஒரு பயணம் 300 கடல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர். வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி நிற்க வேண்டும். திருச்சியிலிருந்து வான்வழியே சென்னை போய்த் திரும்புகிற தூரத்தைவிடச் சற்றே குறைவு!
* 10 மணி நேரம், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டுமே நம்பி ஓட்ட வேண்டும். இதில் 5 மணி வரை சிமுலேட்டரில் செய்யலாம்.
* 5 மணி நேரம் இரவில். அதில் 10 முறை ஏறி, 10 முறை இறங்க வேண்டும்.

இதற்கு நடுவே வழிகாட்டல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் என்று எழுத்துத் தேர்வுகள். பாஸ் மார்க் 35 அல்ல, 70!

மணிக்கும் 'எக்ஸ்பயரி' உண்டு

பல பெற்றோருக்குத் தெரியாத விஷயம் இதுதான். விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள் பறந்த மணிகள்தான் செல்லும். பொறுப்பேற்று ஓட்டிய 100 மணியில் 15 மணி, கடைசி 6 மாதத்துக்குள் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு மாணவரை நினைத்துப் பாருங்கள். 180 மணி நேரம் முடித்துவிட்டார். பள்ளியில் ஒரு விமானம் பழுது, பயிற்சியாளர் வேலையை விட்டுவிட்டார், அடுத்து மழைக்காலம் அல்லது மூடுபனி. இதற்கிடையே ஒரு தேர்வில் தோல்வி. எட்டு மாதம் ஓடிவிட்டால், பழைய மணிகளில் சில விதிக்குப் போதாமல் போகும். திரும்பவும் காசு கட்டிப் பறக்க வேண்டும். விடுதி வாடகையும் கல்விக்கடன் வட்டியும் அதுவரை காத்திருக்காது.

உள்நாட்டில் இந்தப் பயிற்சிக்கு மட்டுமே பொதுவாக 50 லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். கல்விக்கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால், வங்கிகள் வழக்கமாகச் சொத்து ஜாமீன் கேட்கும். அதாவது, வீட்டுப் பத்திரம். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பத்திரத்தின் மேல் ஏறும் சுமைதான்.

லைசென்ஸ் வந்தாச்சு... வேலை?

சென்னை - திருச்சி போன்ற குறுகிய தடங்களில் இரண்டு புரொபெல்லர்களோடு பறக்கிறதே, அந்த ஏ.டி.ஆர் விமானம், கிட்டத்தட்ட 78 பேர் உட்காரக்கூடியது. பயிற்சியில் ஓட்டிய நான்கு இருக்கை செஸ்னாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனவே அந்த ரக விமானத்துக்கென்றே 'டைப் ரேட்டிங்' என்ற தனிப் பயிற்சி தேவை. அதற்கும் பல லட்சங்கள் ஆகும். இதோடு நிறுவனத்தின் தேர்வு, நேர்காணல், சிமுலேட்டர் சோதனை என எல்லாம் தாண்டினால்தான் துணை விமானி இருக்கை. 200 மணி நேரம் என்பது வரிசையில் நிற்பதற்கான டோக்கன் மட்டுமே.

கேப்டன் ஆவதற்கான ஏ.டி.பி.எல் லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும். ஒரு விமானி ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்க விதி அனுமதிக்காது. ஆக, வேலை கிடைத்த பிறகும் அந்த எண்ணைத் தொடவே ஓர் ஆண்டுக்கு மேலாகும்.

அமெரிக்காவில் துணை விமானி ஆவதற்கே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். 2009-ல் பஃபலோ நகருக்கு அருகே ஒரு சிறிய விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, 2013-ல் வந்த விதி இது. ஆனால், அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள்தாம்! எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது என்ற விவாதம் அங்கே இன்றும் ஓயவில்லை.

பணம் கட்டும் முன்...

* முதலில் மருத்துவப் பரிசோதனை. 'கிளாஸ் 2', பிறகு 'கிளாஸ் 1'. கண்ணாடி போட்டாலே பைலட் ஆக முடியாது என்பது தவறு. நிறக்குருடு போன்றவைதான் சிக்கல். இதை முடிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.
* பள்ளியில் இன்றைய தேதியில் பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள், எத்தனை பயிற்சியாளர்கள், எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். கடைசியாக முடித்த பேட்ச் 200 மணியை எத்தனை மாதத்தில் தொட்டது என்று அந்த மாணவர்களிடமே விசாரியுங்கள்.
* பயிற்சிப் பள்ளிகளுக்கான தரவரிசையை 2025 முதல் டி.ஜி.சி.ஏ வெளியிடுகிறது. அதைப் பாருங்கள்.
* முழுத் தொகையையும் ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பக் கட்டும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.
* எழுத்துத் தேர்வுகளை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார்களோ, அவ்வளவுக்குக் கடைசி நேர இழுபறி குறையும்.
* 'பறக்காமலேயே மணி எழுதித் தருகிறோம்' என்று யாராவது சொன்னால், அங்கிருந்து உடனே கிளம்பிவிடுங்கள். 2011-ல் ராஜஸ்தானில் பறக்காத மணிகளை லாக் புக்கில் ஏற்றிய விவகாரம் வெடித்து, கைதுகள் வரை போனது.

பொய் மணிக்குத் தண்டனை சட்டத்தில் இருக்கிறது. ஆனால், பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய காரணம் வேறு. ஆயுத பூஜை அன்று திருச்சி வானத்தில் நடந்ததுபோல ஒரு நாள் வரும். பின்னால் 141 பேர் உட்கார்ந்திருப்பார்கள். அன்று கைகொடுக்கப்போவது, உண்மையாகப் பறந்த மணிகள்தாம்.