சேவைத்துறை ஊழியத்தின் உற்பத்தித்திறன்: அடம்பனை முன்வைத்துச் சில குறிப்புகள்

வளர்முக நாடுகளின் பொருளாதாரம் பற்றிய ஆய்வுகளில் ஒரு கூற்று அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. இந்நாடுகளின் சேவைத்துறையில் ஆட்கள் அதிகம், அவர்தம் உற்பத்தித்திறனோ குறைவு என்பதே அது. 2022ஆம் ஆண்டில் இலங்கையைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியின் பின்னர் இக்கூற்று மேலும் வலுப்பெற்றுள்ளது. அரசாங்க ஊழியரின் தொகையைக் குறைத்தல் வேண்டும் என்போரும், சிறுகடைக்காரரும் முச்சக்கரவண்டி ஓட்டுநரும் நாட்டுக்குச் சுமை என்போரும் இதனையே தம் வாதத்துக்கு அடிப்படையாகக் கொள்கின்றனர். இக்கூற்று எதனை அளக்கின்றது, எதனை அளக்காது விடுகின்றது என்பதை மன்னார் மாவட்டத்துப் பெருநிலப்பரப்பிலுள்ள அடம்பனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் நோக்குவோம்.

ஊழிய உற்பத்தித்திறன் என்பது, குறித்ததொரு காலத்தில் உருவான சேர்க்கப்பட்ட பெறுமதியை அதற்குச் செலவான உழைப்பு நேரத்தால் வகுத்துப் பெறப்படுவதாகும். நெல்லைப் பொறுத்தவரை இதில் சிக்கல் குறைவு. ஓர் ஏக்கரில் எத்தனை மூடை விளைந்தது என்பதை எண்ணிவிடலாம். விலை ஏறினும் இறங்கினும் மூடைகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. சேவைக்கு அத்தகைய மூடை இல்லை. முடிதிருத்துதல், பாடஞ்சொல்லுதல், நோயாளியைப் பராமரித்தல் ஆகியன நிகழும் கணத்திலேயே நுகரப்பட்டுவிடுகின்றன. அவற்றைக் களஞ்சியத்திற் சேர்த்துவைக்க இயலாது. எனவே, சந்தையில் விற்கப்படும் சேவையின் அளவு அதற்குக் கிடைத்த பணத்தைக்கொண்டே பெரிதும் மதிப்பிடப்படுகின்றது. சேவையாளரின் திறன் எனப்படுவது, இவ்வகையில், வாடிக்கையாளரின் தொகையும் அவர்கள் கொடுக்கக்கூடிய விலையும் சேர்ந்த ஒன்றாகும். இவ்விரண்டும் பெரும்பாலும் சேவையாளரின் கையில் இல்லை என்பதே எமது வாதம்.

சேவை உழைப்பின் பெறுமதி பற்றிய சர்ச்சை புதியதன்று. 1776இல் வெளிவந்த தமது நூலில் அடம் சிமித், பணியாளரின் உழைப்பு எப்பொருளிலும் நிலைபெறாது மறைவதாற் பயன்விளைக்காத உழைப்பு எனக் கொண்டார். கார்ல் மார்க்ஸ் இதனை மறுத்து, ஓர் ஆசிரியரின் அல்லது பாடகரின் உழைப்பு உற்பத்தியுழைப்பா அன்றா என்பதைத் தீர்மானிப்பது அவ்வுழைப்பின் தன்மையன்று, அது இடம்பெறும் சமூக உறவே என விளக்கினார். ஆயினும், சோவியத் ஒன்றியத்தின் தேசியக் கணக்குமுறை கல்வி, மருத்துவம் முதலானவற்றைத் தேசிய வருமானத்திற் சேர்க்காது விட்டது. இரு முகாம்களிலும் சேவையாளர் ஐயத்துடனேயே நோக்கப்பட்டனர் என்பது அவதானிக்கத்தக்கது.

இனி அடம்பனுக்கு வருவோம். இது மாந்தை மேற்குப் பிரதேசத்தைச் சேர்ந்த ஊர். அருவியாற்று நீரைத் தேக்கம் அணையின் வழியாகப் பெறும் கட்டுக்கரைக்குளமே இப்பகுதி நெல் வேளாண்மையின் உயிர்நாடி. 2008இல் போர் இப்பகுதியூடாகச் சென்றபோது மக்கள் இடம்பெயர்ந்தனர். போர் முடிந்த பின்னரே மீள்குடியேற்றம் நிகழ்ந்தது. இத்தகைய ஊரிற் காணப்படும் சேவைகளை நாம் எளிதிற் பட்டியலிடலாம்: பலசரக்குக் கடை, தேநீர்க் கடை, முடிதிருத்தகம், துவிச்சக்கரவண்டி திருத்துமிடம், முச்சக்கரவண்டி, வாடகைக்கு விடப்படும் உழவு இயந்திரம்; இவற்றுக்கப்பாற் பாடசாலை, மருத்துவமனை, அரசாங்க அலுவலகம். காலபோக அறுவடை முடிந்து நெல் விலைப்பட்டதும் கடைகளில் ஆட்கள் நிறைவர். பழைய கடன்கள் தீர்க்கப்படும். சிறுபோகத்துக்குக் குளத்தில் நீர் போதாத ஆண்டில் அதே கடைகள் வெறிச்சோடிவிடும். வயலுக்குப் போகம் இருப்பதுபோலக் கடைக்கும் போகம் உண்டு.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். முடிதிருத்துநர் ஒருவர் நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் கடையைத் திறந்துவைக்கின்றார். ஒருவருக்கு முடிதிருத்த அரை மணிநேரம் செல்லும். எட்டுப்பேர் வந்தால் அவர் உழைத்தது நான்கு மணிநேரம். காத்திருந்தது ஆறு மணிநேரம். பதினாறு பேர் வந்திருப்பின் அவருடைய உற்பத்தித்திறன் இருமடங்காகியிருக்கும். அவரது கையின் வேகத்திலோ கத்தரியின் கூர்மையிலோ எம்மாற்றமும் நிகழ்ந்திராது. காத்திருப்பைச் சோம்பல் எனக் கொள்வது தவறு. வாடிக்கையாளர் எப்போது வருவார் என்பது தெரியாதாகையால், கடையைத் திறந்துவைத்துக் காத்திருப்பதும் அச்சேவையின் ஒரு பகுதியே.

2021, 2022ஆம் ஆண்டுகள் இதற்குக் கசப்பான சான்றாயின. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் தடை தளர்த்தப்பட்டபோதிலும், 2021/22 காலபோகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய காலபோகத்தைவிட மூன்றிலொரு பங்குக்கும் மேலாக வீழ்ந்தது. நெல்லை நம்பிய ஊரில் விளைச்சல் வீழ்ந்தால், தேநீர்க் கடைக்காரரின் உற்பத்தித்திறனும் தாளில் வீழ்ந்துவிடும். 2022இல் எரிபொருட் தட்டுப்பாடு வந்தது. ஓட்டுநர்கள் நாட்கணக்கில் வரிசைகளில் நின்றனர். அவர்தம் வேலை நேரம் கூடியது. ஓடிய தூரம் குறைந்தது. இக்குறைவை ஓட்டுநரின் திறமைக்குறைவு என எவரும் சொல்லத் துணியார்.

நாடு முழுவதையும் நோக்கினால் வேறொரு சிக்கல் தோன்றுகின்றது. நெருக்கடிக்கு முந்திய 2019இல் இலங்கையில் வேலைசெய்தோரில் ஏறத்தாழ 47 வீதத்தினர் சேவைத்துறையிலும் 25 வீதத்தினர் வேளாண்மையிலும் இருந்தனர். மொத்த உள்நாட்டு உற்பத்தியிற் சேவைத்துறையின் பங்கு அரைப்பங்கைத் தாண்டியிருக்க, வேளாண்மையின் பங்கு ஏறத்தாழ 7 வீதமாகவே இருந்தது. இக்கணக்கின்படி சேவையாளரின் சராசரி உற்பத்தித்திறன் வேளாளரினதைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. சேவையாளர் திறன் குறைந்தோர் என்ற கூற்று எங்கே போயிற்று? வங்கி, தொலைத்தொடர்பு, துறைமுகம் ஆகியவற்றின் பெறுமதியும் அடம்பன் தேநீர்க் கடையின் பெறுமதியும் ஒரே சராசரியில் அடங்கிவிடுகின்றன. முன்னவற்றில் மூலதனமும் பரந்த சந்தையும் உண்டு; பின்னதற்கு இரண்டும் இல்லை. ஆதர் லூயிஸ் 1954இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிற் சுட்டிக்காட்டியதுபோல, சுமைதூக்குவோரும் சில்லறை வணிகரும் வேறு வேலை இல்லாமையால் அத்தொழில்களில் நெருக்குண்டு நிற்பவர்கள். இருவர் செய்யக்கூடியதைப் பத்துப்பேர் பகிர்ந்துகொள்கையில் தலைக்கு விழும் வருமானம் சிறுப்பது இயல்பே.

விலையின் பங்கையும் இங்குக் கருதுதல் வேண்டும். அடம்பனில் முடிதிருத்தும் ஒருவர் ரொறன்ரோவுக்குப் புலம்பெயர்ந்து அதே தொழிலைச் செய்வாராயின், அவரது மணிநேரப் பெறுமதி பலமடங்காகும். அங்கு தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் கூலி உயர்ந்திருப்பதால், முடிதிருத்தத்தின் விலையும் அதனோடு உயர்கின்றது. ஏனைய துறைகளின் உற்பத்தித்திறன் உயரும்போது, தம்மிடம் மாற்றம் ஏதுமற்ற சேவைகளின் செலவும் ஏறும் என வில்லியம் போமல் 1967இல் விளக்கினார். ஏழை நாடுகளிற் சேவைகள் ஏன் மலிவாக உள்ளன என்ற வினாவை ஜகதீஷ் பகவதி 1984இல் ஆராய்ந்து, உழைப்பு மிகுந்தும் மூலதனம் அருகியும் இருப்பதையே காரணமாகக் காட்டினார். வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் செல்லும் எமது பெண்களின் நிலையும் இதுவே. தம் வீட்டிற் சமைத்துக் குழந்தை பராமரித்த உழைப்பு தேசியக் கணக்கில் இடம்பெறுவதில்லை. குவைத்தில் அதே உழைப்பு ஊதியமாகி, அந்நாட்டின் உற்பத்தியிற் சேர்கின்றது.

அரசாங்க சேவையின் அளவீடு இதனினும் விசித்திரமானது. இலவசப் பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் விலை இல்லாமையால், அவற்றுக்கான செலவே அவற்றின் உற்பத்தியாகக் கணிக்கப்படுவது வழக்கம். சம்பளச் செலவு சுருங்கினால், பிள்ளைகள் எவ்வளவு நன்றாகக் கற்றபோதிலும், கணக்கிற் சேவையும் சுருங்கியதாகவே தோன்றும். மறுபுறம், உண்மையான திறமையின்மை இக்கணக்கில் மறைந்துவிடுகின்றது. ஒரு பத்திரத்துக்காக விவசாயி ஒருவர் மூன்று நாட்கள் அலுவலகத்துக்கு அலைந்தால், அந்நாட்களின் கூலியை இழப்பவர் அவரே. அவ்விழப்பு எவ்வலுவலகக் கணக்கிலும் ஏறுவதில்லை. அரசாங்க சேவை திருத்தப்படவேண்டியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்திருத்தத்தின் அளவுகோல் மக்களின் நேரமும் நலனுமாக இருத்தல் வேண்டும். 2022 யூனில் அரசாங்க ஊழியர் ஐந்தாண்டுவரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அனுமதிக்கப்பட்டனர். தொகை குறைந்தது எவ்வளவு என்று கேட்பவர்கள், எந்தக் கிராமத்துப் பாடசாலையில் எப்பாடத்துக்கு ஆசிரியர் இல்லாது போனார் என்றும் கேட்டல் வேண்டும்.

வெளியிலிருந்து வருபவர்களுக்குச் செய்யப்படும் சேவை உள்ளூர்ப் பணப்பையின் எல்லையைக் கடக்கின்றது என்பதற்கு மன்னாரின் வரலாறே சான்று. அடம்பனுக்கு அண்மையிலுள்ள மாந்தை ஒருகாலத்திற் பெருந்துறைமுகம். 1980களின் தொடக்கத்தில் அங்கு நடைபெற்ற அகழாய்வுகளிற் சீன, மேற்காசிய மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற் சேவை பயணிகளைக் கொண்டுவந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த சேவையும் 1980களின் நடுப்பகுதியில் நின்றது. போரால் அற்றுப்போன புகையிரதம் 2015இல் தலைமன்னாரை மீண்டும் அடைந்தது. கடல்கடந்து வரும் பயணி அதனுடன் திரும்பவில்லை. கப்பல் நின்றபோது தலைமன்னாரின் சுமைதூக்குவோர் தம் வலிமையை இழக்கவில்லை. அவர்களின் வாடிக்கையாளரே இல்லாது போயினர்.

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இதுவே. வளர்முக நாட்டின் சிறு சேவையாளரது குறைந்த உற்பத்தித்திறன் அவரைச் சூழ்ந்த வறுமையின் அளவீடு. அடம்பனின் கடைக்காரர் உயரவேண்டுமாயின், கட்டுக்கரைக்குளத்தின் வாய்க்கால்கள் திருந்தவேண்டும். நெல்லுக்கு நியாயவிலை கிட்டவேண்டும். விளைந்த நெல் அரிசியாகவும் மாவாகவும் ஊரிலேயே மாறும் தொழில்கள் வேண்டும். தொழிற்பயிற்சியும் கடனும் பயனற்றவை அல்ல. ஆயின் வாங்குவோரின் கை வெறுமையாக இருக்கையில், பயிற்சி பெற்றவர் இன்னுமொருவராக அதே சந்தியிற் காத்திருப்பார். உழைப்பவரைக் குற்றஞ்சாட்டும் புள்ளிவிபரத்தை எதிர்கொள்ளும்போது, அது யாருடைய வருமானத்தை யாருடைய திறனாகக் காட்டுகின்றது என வினவுவது ஆய்வாளர்தம் கடமையாகும்.