ஈ மொய்க்காத மீன்

மீன்கடையில் ஈ மொய்த்தால் முகம் சுளித்த காலம் உண்டு. இப்போது சந்தையில் ஈ உட்காராத மீனைக் கண்டால்தான் வாங்க வந்தவருக்குச் சந்தேகம் தட்டுகிறது. 2018 ஜூனில் கேரள அதிகாரிகள் எல்லைச் சாவடிகளில் ஃபார்மலின் ஏறிய மீனை டன் கணக்கில் பிடித்தார்கள். அடுத்த மாதமே சென்னைச் சந்தை மீனிலும் அது இருப்பதாகச் செய்தி வந்தது. பிணம் கெடாமலிருக்கப் பிணவறையில் பயன்படும் திரவம் குழம்புச் சட்டிக்கு வந்துவிட்டதா என்று ஊர் பதறியது.

முந்தைய தலைமுறைக்கு இந்தக் கவலை இல்லை. காலையில் கரையேறியது கூடையில் தெருவுக்கு வந்தது. விற்காதது உப்புக்குள் போய்க் கருவாடானது. செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்தால் கூடைக்கார அம்மாவோடு பேரத்தைத் தொடங்கிவிடலாம். ஃபார்மலின் சதையை விறைக்கவைப்பதால் இன்று விரல் ஏமாந்துபோகும். ஈயையும் நம்புவதற்கில்லை, ஐஸ் தாராளமாகக் கிடந்தாலும் அது கிட்டே வராது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மலினைக் கண்டுபிடிக்க நிறம் மாறும் காகிதப் பட்டையை உருவாக்கியிருக்கிறது. பட்டையும் கையுமாக வஞ்சிரம் வாங்கப் போகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இந்தப் பயத்தில் பழைய ஆபத்தை மறந்துவிட்டோம். சூரையோ கானாங்கெளுத்தியோ வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் உண்டாகிவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பு அரித்தால் 'மீன் ஒத்துக்கலை' என்கிறோம். ஐஸில் கஞ்சத்தனம் பிடித்தவர் தப்பித்துவிடுகிறார்.

வளர்ப்பு மீன் விஷயம் வேறு. சிறுவயதில் நாங்கள் வாய்க்காலில் துண்டு விரித்துப் பிடித்த குஞ்சுகள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஓரிரு நாள் தாக்குப்பிடித்தன. பொரியை அள்ளிப் போட்டோம். அழுக்கானதும் மொத்தத்தையும் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினோம். அதிலிருந்த குளோரின் செவுளைப் புண்ணாக்கியது. செத்தால் அடுத்த ஞாயிறு வேறு பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இன்று சென்னைக் கொளத்தூரின் வளர்ப்பு மீன் கடைகளுக்குத் தொட்டி வாங்க வரும் பள்ளிக்கூடப் பையன் அம்மோனியா, நைட்ரைட் என்று பேசுகிறான். மீன் கழிப்பது அம்மோனியா. அதை மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் பெருக வாரக்கணக்கில் ஆகும். பையனுக்குத் தெரிந்தாலும் அப்பாவுக்குப் பொறுமையில்லை. முதல் நாளே தொட்டி நிறைய கோல்டு ஃபிஷ். அப்புறம் மீன்மேல் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. அதற்குக் கடையில் கிடைக்கும் மருந்துகள் சிலவற்றில் இருப்பதும் ஃபார்மலின்தான்! அளவோடு விட்டால் அங்கே அது வைத்தியம்.

தொட்டியும் சட்டியும் முட்டிக்கொள்கிற இடம் ஏரி. பாசி தின்னட்டும் என்று வாங்கும் 'டேங்க் கிளீனர்' தென்னமெரிக்க ஆற்று மீன். விரல் நீளத்தில் வாங்கியது ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் தொட்டி போதாது. கொல்லவும் மனம் வராது. இரவோடு இரவாக ஏரியில் விட்டுவிடுகிறார்கள். உடம்பெல்லாம் எலும்புத் தகடு. துடுப்பு முள் வலையைக் கிழிக்கும். கரையைக் குடைந்து முட்டையிட்டுப் பெருகும். கெண்டைக்கு வலை போட்டவர் அதைச் சிக்கெடுத்தே பொழுதைக் கழிக்க வேண்டும், சந்தையில் கேட்பாரில்லை. இவ்வளவு பெரிதாகும் என்று விற்கும்போதே கடைக்காரர் சொன்னால் பாதிப் பேர் வாங்கமாட்டார்கள். அதனால்தான் சொல்வதில்லை போலும்.