என்ன புதினம்?

யாழ்ப்பாணத்தில் தெரிந்தவர் இருவர் சந்தித்தால் சுகம் விசாரித்த கையோடு வரும் கேள்வி "என்ன புதினம்?" என்பதுதான். தமிழ்நாட்டில் புதினம் என்றால் நாவல். எங்களுக்கு அது செய்தி. பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டதும் புதினம், கொழும்பில் அரசாங்கம் மாறியதும் புதினம். அதோடு சேர்ந்து நடக்கும் சொற்கள் இன்னும் இரண்டு உண்டு: பகிடி, பழங்கதை. ஒரு முதியோர் இல்லத்தின் விறாந்தையில், காலைத் தேநீருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். அங்கே கதைக்கப்படுவது எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

வேலையற்ற பேச்சு என்றுதான் பலரும் அதை நினைக்கிறோம். அந்த ஒரு மணித்தியாலத்தில் எண்பது வயது மூளை என்ன செய்கிறது என்று பார்த்தால் அப்படி நினைக்க மனம் வராது.

பேப்பர் வந்ததும் முதலில் விரிவது மரண அறிவித்தல் பக்கம். எங்கள் மரண அறிவித்தலுக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. இறந்தவர் எந்த ஊரைப் பிறப்பிடமாகக் கொண்டவர், எங்கே வாழ்ந்தவர், யாருடைய மகன், யாருடைய கணவர், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில், மருமக்கள் யார், சகோதரர் யார், மைத்துனர் யார் என்று அது விரிந்துகொண்டே போகும். ஒருவர் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தேடுவார்கள்.

"கூப்பன் கடை மனேச்சரா இருந்தவரோ?"

"இல்லை, அவர் தமையன். இது சின்னவர். சைக்கிளிலை பாண் கொண்டு திரிஞ்சவர்."

"ஓமோம், பேர்தான் வாயிலை வருகுதில்லை."

பேர் வாயில் வராததை மறதி நோயின் தொடக்கம் என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது அப்படியல்ல. ஆட்களின் பெயர் எல்லா வயதிலும் நழுவக்கூடியது, வயது ஏற ஏற இன்னும் நழுவும். அதன் காரணத்தைக் காட்ட ஓர் அழகான பரிசோதனை உண்டு. ஆங்கிலத்தில் 'பேக்கர்' என்பது குடும்பப் பெயராகவும் வரும், பாண் சுடுபவரையும் குறிக்கும். ஒரு முகத்தைக் காட்டி, இவர் பெயர் பேக்கர் என்று சொன்னால் பலருக்குப் பிறகு நினைவில் இராது. அதே முகத்தைக் காட்டி, இவர் தொழில் பேக்கர் என்றால் நினைவில் நிற்கும். சொல் ஒன்றுதான். தொழில் என்றதும் போறணையும் பாண் வாசமும் விடியற்காலையும் கூடவே வந்து, அந்த முகத்தை நினைவில் கட்டிவைக்கின்றன. வெறும் பெயருக்கு அப்படி ஒரு பிடி கிடையாது. அந்த விறாந்தையில் பேர் வராமல் சைக்கிளும் பாணும் மட்டும் வந்தது இதனால்தான்.

அதோடு, அங்கே ஒருவர் விட்டதை மற்றவர் எடுக்கிறார். இப்படிப் பலருக்குள் பங்குபோட்டு வைக்கப்பட்ட ஞாபகத்தைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் டானியல் வெக்னர் 1985இல் எழுதினார். கணவன் மனைவியரிடமும் ஒன்றாக நெடுநாள் வேலை செய்தவர்களிடமும் அது உருவாகிறது. ஓர் ஊரின் உறவுமுறை முழுவதும் எந்த ஒரு தலைக்குள்ளும் இல்லை. நாலு கிழவர்களும் மூன்று கிழவிகளும் சேர்ந்து இருந்தால் அது முழுதாக வெளியே வருகிறது. அவர்களில் ஒருவர் போய்விட்டால் அவரிடம் இருந்த பங்கும் போய்விடும். மரண அறிவித்தலை அவர்கள் அத்தனை கவனமாகப் பார்ப்பதில் இந்தத் துக்கமும் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

வயது போனால் மூளையில் எல்லாம் ஒரேயடியாகத் தேய்வதில்லை. புதிய ஒன்றை விரைவாகப் பிடிக்கும் வேகம் இளமையிலேயே இறங்கத் தொடங்குகிறது. சொல்வளமோ அறுபதுகளின் பின்பாதி வரைகூட ஏறிக்கொண்டு போகலாம் என்று ஆயிரக்கணக்கானோரிடம் நடத்திய சோதனைகளை வைத்து 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொன்னது. பழமொழியும் பட்டப்பெயரும் கலந்து கதைக்கிற கிழவியோடு பேரப்பிள்ளை போட்டிபோட முடியாதது வேறு எதனால்?

பழங்கதையின் கணக்கு இன்னும் வியப்பானது. வாழ்க்கையில் நடந்தவற்றைச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த வயதில் நடந்தது என்று குறித்தால், முதியவர்களின் நினைவுகள் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் குவிந்து கிடக்கின்றன. பல நாடுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள், எங்கும் அந்த மேடு தெரிகிறது. முதல் பள்ளிக்கூடச் சுற்றுலா, முதல் சம்பளம், கலியாணம் எல்லாம் முதன்முதலாக நடந்த காலம் அது. "நான் யார்" என்பது உருவாகும் காலமும் அதுவே.

1945இல் பிறந்த ஒருவருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அவருடைய மேடு 1955இலிருந்து 1975 வரை. 1956இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது அதற்குள் வருகிறது. 1964 மார்கழிப் புயல் வருகிறது. 'சிரித்திரன்' நகைச்சுவை இதழின் ஆசிரியர் சிவஞானசுந்தரம் வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரம் சவாரித்தம்பர் வருகிறார். இறக்குமதி தடைப்பட்டு, மிளகாயும் வெங்காயமும் நட்ட தோட்டக்காரர் கையில் காசு புரண்ட 1970களின் முற்பகுதி வருகிறது. 1974 தை மாதம் யாழ்ப்பாணத்தில் நடந்த உலகத் தமிழாராய்ச்சி மாநாடு வருகிறது. அந்த அப்பு இவற்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றால் அவருடைய நினைவின் செழித்த வயல் அங்கேதான் இருக்கிறது.

முதியவர் பழையதைப் பேசினால் புத்தி தளர்கிறது என்று வைத்தியர்கள் ஒரு காலத்தில் எண்ணினார்கள். 1963இல் அமெரிக்க மனநல வைத்தியர் ராபர்ட் பட்லர் அதை மறுத்தார். முடிவு நெருங்குவதை உணரும் மனம் தன் வாழ்க்கையைத் திரும்ப எடுத்து அடுக்கிப் பார்க்கிறது, அது இயல்பானது, தேவையானதும்கூட என்றார். எங்கள் முதியவர்களுக்கு அந்த அடுக்கலில் மிகக் கடினமான பக்கங்கள் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டு நடந்ததை யாரும் வைத்தியரிடம் சொல்லப் போவதில்லை. அதே வீதியில் நடந்த இன்னொருவர் பக்கத்துக் கதிரையில் இருந்தால் சொல்வார்கள். பாதியில் நின்றுவிட்டாலும் மற்றவருக்கு மிச்சம் விளங்கும்.

பகிடிக்கு வருவோம். ராபர்ட் புரொவைன் என்ற ஆய்வாளர் பொது இடங்களில் ஆட்கள் சிரித்த 1,200 தருணங்களைக் குறித்து வைத்தார். அவற்றில் பகிடி என்று சொல்லத்தக்க ஒன்றுக்குப் பின் வந்த சிரிப்பு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. மற்றதெல்லாம் "சரி, பிறகு பாப்பம்" போன்ற சாதாரண வசனங்களுக்குப் பின் வந்தவை. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்றும் அவர் கண்டார். சிரிப்பு முதலில் உறவின் ஒலி. பின்லாந்தின் துர்க்கு நகரில் 2017இல் வெளிவந்த ஆய்வில், நண்பர்களோடு சேர்ந்து சிரித்தவர்களின் மூளையை ஸ்கான் செய்து பார்த்தபோது, உடல் தானாகச் சுரக்கும் அபினி போன்ற வலிநிவாரணிகள் வெளிப்பட்டது தெரிந்தது. பன்னிரண்டு பேரிடம் மட்டும் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் ஒன்றாகச் சிரித்தவர்கள் வலியை அதிகம் தாங்குகிறார்கள் என்று ஆய்வாளர் ராபின் டன்பார் குழுவினர் 2011இலேயே காட்டியிருந்தார்கள். முழங்கால் உளைவோடு எழும்புகிற ஒருவருக்கு அந்தக் காலைப் பகிடி என்ன செய்கிறது என்பதற்கு இவை இரண்டும் பதில்.

இவ்வளவும் நடக்க ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். அது காது. "சத்தம் கேக்குது, கதை விளங்கேல்லை" என்று முதியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது துல்லியமான விவரணை. உட்காதின் நத்தைச் சுருளில் உள்ள நுண்மயிர்க் கலங்களில் உயர்ந்த ஒலிகளுக்கானவை வாசலை ஒட்டி இருக்கின்றன. வயதோடு முதலில் அழிவதும் அவைதான், மனிதரில் அவை திரும்ப முளைப்பதில்லை. உயிரொலிகள் தாழ்ந்தவை, அவை கேட்கும். ச, த, க போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய உயர் ஒலிகள் விழுந்துவிடும். கடையும் சடையும் தடையும் ஒன்றாகிவிடும். மின்விசிறி சுற்றினால் மிச்சமும் போய்விடும். அப்படிப்பட்டவர் மெதுவாகக் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பேசாமல் இருக்கத் தொடங்குவார். "அவர் ஒருத்தரோடையும் கதைக்கமாட்டார்" என்று பெயர் வந்துவிடும்.

இது சிறிய விஷயமல்ல. மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணங்களை 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்டது. கேட்டல் குறைபாடு, தனிமை இரண்டுமே அதில் இருக்கின்றன. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் ஆய்வாளர் யூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் பார்த்தபோது, நெருக்கமான உறவு உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலங்களில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 வீதம் அதிகமாக இருந்தது.

கைதடியில் வட மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் கீழ் இயங்கும் அரச முதியோர் இல்லத்துக்கும், இது போன்ற மற்ற இல்லங்களுக்கும் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் சாப்பாடு கொடுப்பது எங்களிடம் வழக்கமாகிவிட்டது. கனடாவிலும் லண்டனிலும் இருந்து காசு வரும், ஒருவர் சாப்பாட்டை ஒழுங்குபண்ணி, படம் எடுத்து அனுப்புவார். அது நல்ல காரியம், தொடரட்டும். அடுத்த முறை போகிறவர் படம் எடுத்ததும் கிளம்ப வேண்டாம். பின்னுக்கு இழுத்த கதிரையில் இருப்பவரைத் தேடிப் போங்கள். மின்விசிறியை நிறுத்தி, அவருக்கு நேரே, உதடு தெரிய இருங்கள். கத்தவேண்டாம், கத்தினால் ஒலி இன்னும் சிதையும். ஆறுதலாக, தாழ்ந்த சுருதியில் கேளுங்கள்: "என்ன அப்பு, என்ன புதினம்?" பிறகு அரை மணித்தியாலம் எழும்பாதீர்கள்.